தலைமுறை அட்டவணையும் மரபணுக் கணக்கும்

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 17ஆம் நாள் திருப்பலியில் மத்தேயு நற்செய்தியின் தொடக்கப் பகுதி வாசிக்கப்படுகிறது. ஆபிரகாம் முதல் யோசேப்பு வரை நீளும் பெயர்ப் பட்டியல் அது. வாசிக்கும் குருவானவரின் நா ஓரிரு இடங்களில் இடறும். பின்வரிசையில் இருமல் எழும். யாரேனும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பர். பதினான்கு பதினான்காக மூன்று அடுக்கில் தலைமுறைகளை அடுக்கிக் காட்டும் அந்தப் பட்டியலில் ஒரு விந்தை உண்டு. அத்தனை பெயர்களும் வந்து சேர்வது யோசேப்பிடம். பிறக்கும் குழந்தையோ யோசேப்பின் உடலிலிருந்து தோன்றியதன்று என்று அடுத்த பகுதியே உரைத்துவிடுகிறது. குருதி வழியே வராத ஓர் உறவை நிறுவுவதற்கு நற்செய்தியாளர் ஏன் இத்தனை பெயர்களைச் செலவிட்டார் என்ற வினா எனக்குள் நெடுநாளாக இருந்து வந்தது. மறைநூல் விளக்கவுரைகளில் அதற்கு விடை உண்டு. தாவீதின் மரபுரிமை சட்டப்படி வந்தது என்பர். எனினும் அவ்வினா வேறொரு வடிவில் மீண்டும் என்முன் வந்து நின்றது, மரபணுப் புள்ளியியல் பற்றிய ஒரு நூலைப் படித்துக்கொண்டிருந்தபோது.

அந்நூல், ஹார்வர்டு மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் டேவிட் ரைக் எழுதி 2018இல் வெளிவந்த 'ஹூ வீ ஆர் அண்டு ஹவ் வீ காட் ஹியர்' என்பதாகும். நாம் யார், இங்கு எவ்வாறு வந்து சேர்ந்தோம் என்பது தலைப்பின் பொருள். பழைய எலும்புகளிலிருந்து டி.என்.ஏ. எடுத்து மாந்தகுல வரலாற்றை எழுதும் புதிய துறையைப் பொதுவாசகருக்கு அறிமுகம் செய்யும் நூல் இது. பன்னிரண்டு அதிகாரங்கள், மூன்று பகுதிகள். உயிரியல் நூல் போலத் தோற்றமளித்தாலும் உள்ளபடி இது கணக்கு நூல். ஆசிரியரின் நெருங்கிய துணைவராக நூல் நெடுகிலும் வருபவர் நிக் பாட்டர்சன் என்னும் கணிதவியலார். அவர் முதலில் பிரித்தானிய அரசுக்காக மறைக்குறியீடுகளை உடைத்தவர். பின்னர்ப் பங்குச்சந்தை முதலீட்டு நிறுவனமொன்றில் எண்களின் ஓட்டத்தைக் கணித்தவர். அதன் பின்னரே மரபணுவுக்கு வந்தவர். இரைச்சல் மிகுந்த எண்குவியலில் மெல்லிய குறி ஒன்றைக் கண்டெடுக்கும் கலை மூன்று இடங்களிலும் ஒன்றுதான் போலும்.

நூலின் முதல் அதிகாரத்திலேயே அந்தக் கணக்கு வருகிறது. நம் ஒவ்வொருவர் மரபுத்தொகுதியும் தாயிடமிருந்து 23, தந்தையிடமிருந்து 23 குரோமோசோம்களாகவும், தாய்வழி மட்டுமே வரும் ஒரு சிறு துண்டாகவும், ஆக 47 துண்டுகளாக நமக்கு வந்து சேர்கிறது. அத்துண்டுகள் ஒவ்வொரு தலைமுறையிலும் சராசரியாக 71 இடங்களில் வெட்டி ஒட்டப்பட்டவை. எனவே தலைமுறை ஒன்று பின்செல்லச் செல்ல, துண்டுகளின் எண்ணிக்கை 71 வீதம் கூடும். மூதாதையர் எண்ணிக்கையோ ஒவ்வொரு படியிலும் இரட்டிக்கும். பத்துத் தலைமுறை பின்னே சென்றால் துண்டுகள் 757, முன்னோர் 1,024. அப்படியானால், அந்தப் பத்தாம் தலைமுறை முன்னோரில் குறைந்தது 267 பேரிடமிருந்து நமக்கு ஓர் எழுத்துக்கூட வந்திருக்க முடியாது. அவர்கள் இல்லையேல் நாம் இல்லை. ஆயினும் அவர்களுடைய உடலின் சுவடு எதுவும் நம் உடலில் இல்லை. இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத்துக்கும் அவருக்கு 24 தலைமுறைக்கு முந்திய வெற்றி வேந்தர் வில்லியத்துக்கும் இக்கணக்கைப் பொருத்திக் காட்டுகிறார் ஆசிரியர். 1,751 துண்டுகளை ஒரு கோடியே அறுபத்தேழு இலட்சம் முன்னோர் இடங்களுக்குப் பங்கிட்டால் வில்லியத்தின் பங்கு அநேகமாக ஒன்றுமில்லை. குலப்பெருமை பேசுவோர் இப்பக்கத்தை இருமுறை வாசிக்கலாம். யோசேப்பின் பட்டியலை வேறு கண்கொண்டு பார்க்க எனக்கு உதவியதும் இப்பக்கமே. வம்சம் என்பது எங்கும் எப்போதும் குருதியைவிடப் பெயராலும் ஏற்பினாலும் காக்கப்பட்டு வந்த ஒன்று. அப்பட்டியலில் தாமாரும் இராகாபும் ரூத்தும் உரியாவின் மனைவியும் இடம்பெற்றிருப்பதையும் நாம் அறிவோம். அந்நியப் பெண்களை ஒளிக்காமல் எழுதிய வம்சவரிசை அது.

எலும்பைத் தேடுவதும் துளையிடுவதும் பற்றிய செய்திகள் சுவையானவையே. காதின் உட்புறத்து எலும்பில்தான் பழைய டி.என்.ஏ. மிகுதியாகத் தங்குகிறது என்று கண்டுபிடித்ததும் ஆய்வு பெருகிய கதை அவற்றுள் ஒன்று. எனினும் நூலின் உயிர் புள்ளியியலில்தான் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டு. நியாண்டர்தால் மனிதர் நம் முன்னோரோடு கலந்தனரா என்ற வினாவுக்கு 2010இல் விடை கிடைத்தது. ஸ்வாந்தே பேபோ தலைமையில் நடந்த அப்பணியே அவருக்கு 2022இல் நோபல் பரிசு பெற்றுத் தந்தவற்றுள் முதன்மையானது. விடை கண்ட முறை நாணயம் சுண்டுவதைப் போன்றது. ஒரு பிரெஞ்சுக்காரர், ஓர் ஆப்பிரிக்கர் ஆகிய இருவரும் எழுத்தில் வேறுபடும் இடங்களை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அவ்விடங்களில் நியாண்டர்தாலின் புதிய எழுத்து யாரோடு பொருந்துகிறது என்று எண்ண வேண்டும். கலப்பே இல்லையெனில் பாதி இடங்களில் இவரோடும் பாதி இடங்களில் அவரோடும் பொருந்தும். எண்ணிப் பார்த்தபோது தராசு ஒரு பக்கம் சாய்ந்தது. பிரெஞ்சுக்காரரோடு, சீனரோடு, பாப்புவா நியூகினி மக்களோடு என்று ஆப்பிரிக்காவுக்கு வெளியே எவரை எடுத்தாலும் சாய்ந்தது. சாய்வு மிகச் சிறிது. ஆனால் இலட்சக்கணக்கான இடங்களில் எண்ணும்போது அது தற்செயல் என்று தள்ள இயலாதது. இங்ஙனம் ஓர் எளிய எண்ணிக்கை, கல்லறையில் கிடப்பவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிடுகிறது.

இதனினும் வியப்பானது 'பேய்க் குழுக்கள்' பற்றிய நான்காம் அதிகாரம். நூலின் தலைசிறந்த அதிகாரம் இதுவே என்பது என் கருத்து. பாலும் டிகாக்ஷனும் கலந்தால் காப்பியின் நிறம் இரண்டுக்கும் நடுவே நிற்கும். அதுபோல, இரு குழுக்கள் கலந்து ஒரு குழு பிறந்தால், ஏதேனும் ஒரு மரபெழுத்து அதில் காணப்படும் வீதம் பெற்றோர்க் குழுக்களின் வீதங்களுக்கு இடையே நிற்கும். அப்போது ஒரு பக்கத்து வேறுபாடு கூட்டலாகவும் மறுபக்கத்து வேறுபாடு கழித்தலாகவும் இருக்கும். இரண்டையும் பெருக்கினால் எதிர்மறை எண் வரும். இலட்சக்கணக்கான இடங்களில் சராசரி எடுத்தும் எதிர்மறையாகவே நின்றால் கலப்பு நடந்தது உறுதி. இச்சோதனையை வட ஐரோப்பியரிடம் செய்தபோது அவர்கள், தெற்கு ஐரோப்பியரும் அமெரிக்கப் பழங்குடியினரும் கலந்தவர்போல் விடை வந்தது. அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் பழங்காலத்தில் யாரும் குடிபெயரவில்லை. ஆகவே, இருவருக்கும் தம் குருதியைத் தந்துவிட்டு இன்று எங்கும் கலப்பின்றி வாழாத ஒரு மக்கள் கூட்டம் வட ஆசியாவில் ஒருகாலத்தில் வாழ்ந்திருக்க வேண்டும் என்று 2012இல் எழுதினர். எலும்பில்லை, பானை ஓடில்லை, கல்வெட்டில்லை. எதிர்மறை எண் ஒன்று மட்டுமே சான்று. மறு ஆண்டே சைபீரியாவின் மால்தா என்னுமிடத்தில், ஏறத்தாழ 24,000 ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒரு சிறுவனின் மரபுத்தொகுதியை எஸ்கே வில்லர்ஸ்லெவ் குழுவினர் வாசித்து வெளியிட்டனர். கணக்கு சொன்ன அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் அவன். காணாததைக் கணக்கால் உய்த்துணர்ந்து, பின் கண்டுகொண்ட இந்த நிகழ்ச்சியை ஆசிரியர் அடக்கத்தோடு சொல்கிறார். நூலின் பிற இடங்களில் அந்த அடக்கம் சற்றுக் குறைவு. 'எங்கள் ஆய்வகம்' என்ற சொல் வந்துகொண்டே இருக்கிறது. பிறர் உழைப்பு பக்கவாட்டில் நிற்கிறது.

மறையுரைகளிலும் அவ்வப்போது அடிபடும் ஒரு செய்தியை இங்கே தெளிவுபடுத்துவது நலம். 1987இல் வெளியான தாய்வழி மரபணு ஆய்வு ஒன்றைத் தொடர்ந்து 'மைட்டோகாண்ட்ரிய ஏவாள்' என்ற பெயர் பரவியது. அறிவியலே ஏவாளை மெய்ப்பித்துவிட்டது என்று நம்மவர் பலர் மகிழ்ந்தனர். ஏறத்தாழ 1,60,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அந்தப் பெண் அக்காலத்தில் இருந்த ஒரே பெண் அல்லள். அறுபடாத தாய்வழி அவளிடம் சென்று கூடுகிறது என்பது மட்டுமே உண்மை. மரபுத்தொகுதியின் மற்றப் பகுதிகள் வேறு வேறு காலங்களில் வேறு வேறு முன்னோரிடம் சென்று கூடுகின்றன. பெயர் பொருந்தாதது என்று ரைக்கும் சொல்கிறார். 1950இல் பன்னிரண்டாம் பயஸ், மனித குலம் பல மூதாதையரிலிருந்து தோன்றியது என்ற கருத்தை எச்சரிக்கையோடு அணுகினார். 1996இல் இரண்டாம் அருள் சின்னப்பர், படிமலர்ச்சிக் கொள்கை வெறும் கருதுகோள் என்ற நிலையைக் கடந்துவிட்டது என்று பாப்பிறை அறிவியல் கழகத்துக்கு எழுதினார். இவ்விரண்டுக்கும் இடையில் இறையியலார் செய்யவேண்டிய பணி இன்னும் மிச்சம் இருக்கிறது. அப்பணியைத் தவறான பெயரொன்றின் மீது கட்ட முடியாது.

பதினோராம் அதிகாரம், இனம் பற்றியது, நூலில் மிகவும் வாதத்துக்குள்ளான பகுதி. அதன் சாரத்தை நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் 2018 மார்ச்சில் ஆசிரியர் கட்டுரையாக எழுத, 67 அறிஞர்கள் கையொப்பமிட்டு மறுப்பு வெளியிட்டனர். சிக்கல் இதுதான். 1972இல் ரிச்சர்டு லெவோன்டின், மனிதரிடையேயான மரபு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒரே குழுவுக்கு உள்ளேயே இருக்கிறது என்று கணக்கிட்டார். இனம் என்பதற்கு உயிரியல் பொருள் இல்லை என்ற முடிவு அதிலிருந்து எழுந்தது. ஒவ்வொரு மரபெழுத்தையும் தனித்தனியே பார்த்தால் அது சரி. ஆயிரக்கணக்கானவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒருவருடைய முன்னோர் எக்கண்டத்தவர் என்று சொல்லிவிட முடியும் என்று 2003இல் ஏ.டபிள்யூ.எஃப். எட்வர்ட்ஸ் மறுத்தார். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கக்கூடியவை. கூட்டத்தில் ஒருவரை அடையாளம் காண இயல்வது வேறு. அவரை வரிசையில் மேலே கீழே நிறுத்துவது வேறு. குழுக்களிடையே சராசரி வேறுபாடுகள் சில கண்டுபிடிக்கப்படலாம், அதை முன்கூட்டியே மறுத்து வைப்பது அறிவியலாளருக்கு அழகன்று என்கிறார் ரைக். வேறுபாடுகளைப் பற்றிச் சான்றின்றி அளந்துவிடும் ஜேம்ஸ் வாட்சன் போன்றோரையும் அவர் கண்டிக்கத் தவறவில்லை. அவருடைய நேர்மையை நான் ஐயுறவில்லை. உண்மையைக் கண்டு அஞ்சுவது நம்பிக்கையாளருக்கும் அழகன்று. ஆனால் இவ்வதிகாரத்தில் ஒரு பெரும் வெற்றிடம் இருக்கிறது. தம் கையிலுள்ள கருவிகள் எந்தப் பட்டறையில் வடிக்கப்பட்டவை என்பதை அவர் போதிய அளவு சொல்லவில்லை.

அந்தப் பட்டறையைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். மரபு பற்றிய முதல் புள்ளிவிவரம் ஒரு துறவியின் தோட்டத்தில் விளைந்தது. புரூன் நகரில் புனித தோமா மடத்தைச் சேர்ந்த, அகுஸ்தினார் சபைக் குரு கிரகோர் மெண்டல் 1866இல் தம் பட்டாணி ஆய்வை வெளியிட்டார். 7,324 விதைகளில் உருண்டை 5,474, சுருங்கியவை 1,850, மூன்றுக்கு ஒன்று. அவர் காலத்தில் யாரும் பொருட்படுத்தவில்லை. 1900இல்தான் உலகம் விழித்தது. 1936இல் அக்கணக்கை மீண்டும் சரிபார்த்த ரொனால்டு ஃபிஷர், எண்கள் அளவுக்கு மீறி நன்றாகப் பொருந்துகின்றன, முடிவை முன்பே அறிந்த உதவியாளர் எவரேனும் திருத்தியிருக்கக்கூடும் என்று எழுதினார். துறவியின் எண்களை ஐயுற்ற அந்தப் பேரறிஞர் அப்போது வகித்த பதவி, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 'இனமேம்பாட்டியல்' பேராசிரியர் பதவி. உயர்ந்தோர் மிகுதியாகப் பெற்றுத் தாழ்ந்தோர் குறைவாகப் பெறவேண்டும் என்ற கொள்கைக்கு 1883இல் அப்பெயரைச் சூட்டியவர் பிரான்சிஸ் கால்டன். இன்று எல்லாக் கல்லூரிகளிலும் கற்பிக்கப்படும் ஒட்டுறவுக் கணக்குக்கும் பின்னோக்குக் கணக்குக்கும் வித்திட்டவர் அவரே. தரவு அறிவியல் படிக்கும் நம் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே சந்திக்கும் ஐரிஸ் மலர் அளவுகள், ஃபிஷரால் 1936இல் வெளியிடப்பட்டவை. வெளிவந்த இதழின் பெயர் 'இனமேம்பாட்டியல் ஆண்டேடு'. மலர்களைப் பிரிக்கும் கணக்கு, மனிதரைப் பிரிக்க விரும்பியோர் ஏட்டில் பிறந்தது. கருவி பழுது என்று இதனால் முடிவு கட்டலாகாது, கணக்கு கணக்குதான். அக்கொள்கை கற்றறிந்தோரிடையே செல்வாக்குப் பெற்றிருந்த 1930ஆம் ஆண்டின் இறுதி நாளன்று, திருத்தந்தை பதினோராம் பயஸ் 'காஸ்தி கொன்னூபி' சுற்றுமடலில், தகுதியற்ற பிள்ளைகள் பிறக்கலாம் எனக் கருதி அரசு திருமணத்தைத் தடுப்பதையும் கருவளத்தை அழிப்பதையும் வெளிப்படையாகக் கண்டித்தார் என்பதை நாம் நினைவில் வைக்கலாம். நினைவில் வைத்துப் பெருமை கொள்ளுமுன், நூலின் ஆறாம் அதிகாரத்தையும் படித்துவிட வேண்டும்.

ஆறாம் அதிகாரம் இந்தியா பற்றியது. 2008 அக்டோபரில் ரைக்கும் பாட்டர்சனும் ஐதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்துக்கு வந்தனர். அங்கே அமரர் லால்ஜி சிங், குமாரசாமி தங்கராஜ் ஆகியோருடன் சேர்ந்து செய்த ஆய்வின் முடிவை எழுதவேண்டிய வேளை. தம் அறிவியல் வாழ்வின் மிக இறுக்கமான இருபத்து நான்கு மணி நேரம் அதுவே என்று ஆசிரியர் நினைவுகூர்கிறார். இந்தியரின் முன்னோரில் ஒரு பகுதி மேற்கு யூரேசியரோடு தொடர்புடையது என்று எழுதுவதை இந்திய அறிஞர்கள் ஏற்கவில்லை. அதன் அரசியல் விளைவை அவர்கள் அறிவர். முடிவில் 'தொல் வடஇந்தியர்', 'தொல் தென்னிந்தியர்' என்ற இரு பெயர்கள் படைக்கப்பட்டன. 25 குழுக்களைச் சேர்ந்த 132 பேரின் மரபெழுத்துகளை ஆராய்ந்த அக்கட்டுரை 2009இல் 'நேச்சர்' இதழில் வந்தது. பெரும்பாலான குழுக்களில் 'தொல் வடஇந்தியர்' பங்கு 39 முதல் 71 விழுக்காடு வரை இருந்தது. யாவரும் கலந்தவரே.

இந்தப் பெயர்சூட்டு விழாவை ஒளிக்காமல் சொன்னதற்காக ஆசிரியரைப் பாராட்டலாம். ஆனால் பெயர் வைத்த மறுபக்கத்திலிருந்தே அவ்விரு குழுக்களும் முகமும் மொழியும் உடைய மக்களாக உலவத் தொடங்கிவிடுகின்றனர். அவர்களுடைய எலும்பு எவர் கையிலும் அப்போது இல்லை. அவர்கள் கணக்கின் எச்சங்கள். 'தொல் தென்னிந்தியர்' என்ற கூறே கலப்பில்லாததன்று, ஈரான் பகுதிப் பழங்குடியானவர்களோடு தொடர்புடைய பங்கு அதிலும் உண்டு என்பதை அதே அதிகாரத்தின் பிற்பகுதி ஒப்புக்கொள்கிறது. 2019இல் 523 பழங்கால மனிதரின் மரபணுவையும், இராக்கிகடிப் பெண் ஒருத்தியின் மரபணுவையும் ஆராய்ந்து வெளியான இரு கட்டுரைகள் இப்படத்தை மேலும் நுணுக்கமாக்கின. ஆனால் தமிழ்நாட்டு மேடைகளில் இப்பெயர்கள் ஆரியர், திராவிடர் என்பவற்றுக்கு மாற்றுப் பெயர்களாக வழங்கத் தொடங்கிவிட்டன. 2018இலேயே டேனியல் லாசனும் துணைவரும், வண்ணப் பட்டை வரைபடங்களைக் கண்டு மூதாதையரைக் கற்பனை செய்துகொள்ளாதீர் என்று ஒரு தனிக்கட்டுரையே எழுத வேண்டியிருந்தது. எத்தனை வண்ணம் வேண்டும் என்று ஆய்வாளர் கேட்கிறாரோ அத்தனை வண்ணத்தைக் கணிப்பொறி தரும்.

இவ்வதிகாரத்தின் உள்ளத்தைத் தைக்கும் பகுதி பிறகு வருகிறது. கலப்பு நிகழ்ந்த காலத்தைத் துண்டுகளின் நீளம் காட்டும்; பழைய கலப்பு எனில் துண்டுகள் நறுக்குண்டு சிறுத்திருக்கும். 73 குழுக்களை ஆராய்ந்து 2013இல் வெளிவந்த கட்டுரையின்படி, இந்தியாவில் பெருங்கலப்பு இன்றைக்கு 4,200 ஆண்டு முதல் 1,900 ஆண்டு வரை முன்னே நிகழ்ந்தது. அதன்பின் கதவு அடைபட்டது. வைசியர் என்ற ஆந்திர வணிகச் சமூகத்தை எடுத்துக்காட்டாகத் தருகிறார் ஆசிரியர். சிறு கூட்டத்திலிருந்து பெருகிய அடையாளம் அவர்கள் மரபணுவில் அழுத்தமாக இருக்கிறது. இரண்டு, மூன்று ஆயிரம் ஆண்டுகளில் தலைமுறைக்கு நூற்றில் ஒருவர் வெளியிலிருந்து மணந்து வந்திருந்தாலும் அந்த அடையாளம் கரைந்துபோயிருக்கும். கரையவில்லை. சாதி என்பது வெள்ளையர் கணக்கெடுப்பில் கெட்டிப்பட்டது என்று வாதிடும் வரலாற்றாசிரியருக்கு இது கடினமான எண். சீனாவின் ஹான் மக்கள் உண்மையிலேயே பெரியதொரு மக்கட்கூட்டம். இந்தியாவோ மிகப் பல சிறு கூட்டங்களின் தொகை என்கிறார் ரைக். நூற்று நாற்பது கோடிப் பேர் வாழும் நாட்டைப் பார்த்துச் சொல்லப்பட்ட இந்தக் கூற்றைப் போல் சாதிக்கு எதிரான குற்றப்பத்திரிகை அண்மையில் நான் படித்ததில்லை. அதை எழுதியவருக்கு நம்மோடு எந்த வழக்கும் இல்லை.

நாம் திருமுழுக்குப் பெற்றவர்கள் அன்றோ, இக்கணக்கு நம்மைச் சாராது என்று எவரேனும் எண்ணலாம். முத்துக்குளித்துறையில் 1530களில் ஒரு சமூகம் முழுவதும் திருமுழுக்குப் பெற்றது. 1606இல் தத்துவ போதகர் மதுரைக்கு வந்தார். பின்னர் உயர்ந்தோருக்கு ஒரு வகைக் குரு, மற்றோருக்குப் பண்டாரசாமி என்று மறைபரப்பே இரு கிளையாயிற்று. 500 ஆண்டுகள் என்றால் ஏறத்தாழ 20 தலைமுறை. ரைக்கின் வாய்பாட்டின்படி அக்காலத்தில் நமக்கு 1,467 துண்டுகள். முன்னோர் இடங்களோ பத்து இலட்சத்துக்கும் மேல். அவ்வளவு பேர் எந்தக் கடற்கரை ஊரிலும் எந்த வயற்காட்டு ஊரிலும் வாழ்ந்ததில்லை. ஒரே முன்னோர் நூற்றுக்கணக்கான இடங்களில் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறார் என்பதே அதன் பொருள். ஒரே பீடத்தில் நற்கருணை உண்டு, தனித்தனியே மணமுடித்து, சில ஊர்களில் தனித்தனியே அடக்கமும் பெற்றோம். குருதியில் பதிந்துள்ள அந்த ஏடு கிறித்தவருக்கென ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டுவைத்திருக்கும் என்று நம்புவதற்கில்லை.

திருச்சபையும் இதில் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 1215இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் மணத்தடையை ஏழு படியிலிருந்து நான்காகக் குறைத்தது. இன்றைய திருச்சபைச் சட்டம் 1091இன்படி பக்கவழி உறவில் நான்காம் படி வரை தடை. தாய்மாமனும் அக்காள் மகளும் மூன்றாம் படி. மாமன் மகளும் அத்தை மகனும் நான்காம் படி. நம் நாட்டில் விலக்களிப்பு வேண்டி ஆயர் இல்லத்துக்குச் செல்லும் மனுக்களை எல்லாரும் அறிவர். தாய்மாமன் மணத்தில் பிறக்கும் குழந்தையிடம் ஒரே முன்னோரின் இரு படிகள் ஓரிடத்தில் சேரும் வாய்ப்பு எட்டில் ஒன்று. மாமன் மகள் மணத்தில் பதினாறில் ஒன்று. மருத்துவர்கள் எச்சரிப்பதும் இதையே. ஆனால் 2009ஆம் ஆண்டுக் கட்டுரை வேறொன்றையும் சுட்டியது. உறவே இல்லாத இருவர் மணந்தாலும், இருவரும் ஒரே சிறு கூட்டத்தின் வழிவந்தோராயின் ஒடுங்கு பண்பு நோய்கள் பிள்ளைகளுக்கு வரக்கூடும். 2017இல் 263 தெற்காசியக் குழுக்களை ஆராய்ந்தபோது, அவற்றுள் 81இல் இந்தச் 'சிறு கூட்டத் தோற்றம்' பின்லாந்தியரையும் அசுகெனாசி யூதரையும்விட அழுத்தமாக இருந்தது. பத்து இலட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட 14 குழுக்களும் அவற்றில் அடக்கம். வைசியர் சிலருக்கு அறுவை மருத்துவத்தின்போது தரப்படும் தசைத் தளர்வு மருந்து உயிருக்கே ஆபத்தாவதை மருத்துவர்கள் முன்பே அறிந்திருந்தனர். படிகளை எண்ணும் திருச்சபைச் சட்டத்தின் கண்ணுக்கு இது தெரியாது. விலக்களிப்பே தேவைப்படாத மணங்களில் இது ஒளிந்திருக்கிறது.

இதற்கு ஆசிரியர் கூறும் மருந்தைத்தான் நான் ஏற்கத் தயங்குகிறேன். யூதரிடையே 'டோர் யெஷோரிம்' என்றோர் அமைப்பு உண்டு. டே-சாக்ஸ் நோய்க்குத் தம் பிள்ளைகளையே பறிகொடுத்த ஒரு ரபி தொடங்கியது. இளைஞருக்குக் குருதிச் சோதனை நடக்கும். முடிவு அவர்களுக்குச் சொல்லப்படாது, ஓர் எண் மட்டும் தரப்படும். மணப்பேச்சு எழும்போது இரு எண்களையும் சொல்லிக் கேட்டால், பொருந்துமா என்று விடை வரும். தாமும் அசுகெனாசி யூதரான ரைக், பெற்றோர் பார்த்து முடிக்கும் மணங்கள் நிறைந்த இந்தியாவுக்கும் இது ஏற்றது என்கிறார். நோயுற்ற பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாய்க்கு இது பெரும் உதவி. அதை மறுப்பவன் கல்நெஞ்சன். ஆயினும் இரண்டாயிரம் ஆண்டுச் சுவரை அத்தனை துல்லியமாக அளந்து காட்டியவர், சுவரை அப்படியே நிற்கவிட்டு அதன் உள்ளறையைத் துப்புரவு செய்ய வழி சொல்வது ஏமாற்றம் தருகிறது. ஒடுங்கு பண்பு நோயைப் பொறுத்தவரை, வேறு கூட்டத்தில் மணப்பதே பெரும்பாலும் போதிய தடுப்பு. அதற்கு ஆய்வகம் வேண்டியதில்லை. இதே அதிகாரத்தின் எண்கள் சொல்லும் முடிவு இது. அதை எழுத அவர் பேனா ஏனோ முன்வரவில்லை. அயல்நாட்டவர் நமக்கு அறிவுரை கூறுவது முறையன்று என்று எண்ணினார் போலும். பிறர் குருதியைக் கேட்டு வாங்குவோர்க்குரிய கூச்சமாகவும் அது இருக்கலாம். 1990இல் நீரிழிவு ஆய்வுக்கென்று அவசுப்பாய் பழங்குடியினர் தந்த குருதி வேறு ஆய்வுகளுக்குப் பயன்பட்டு, 2010இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் ஏழு இலட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்ட கதையை ஏழாம் அதிகாரத்தில் அவரே பேசுகிறார்.

அதிகாரம் ஆறைப் படித்துக்கொண்டிருந்த வாரத்தில் என் தமக்கையார் தம் மகனுக்குப் பெண் பார்க்கவென்று ஒரு பங்கின் திருமணத் தகவல் மையத்துக்கு என்னையும் அழைத்துச் சென்றார். படிவத்தை நிரப்பும் பொறுப்பு எனக்கு. திருமுழுக்குப் பெயர், உறுதிபூசுதல் பெற்ற நாள், பங்கு, கல்வி, ஊதியம், உயரம். அதையடுத்து 'உட்பிரிவு' என்றொரு கட்டம். அதை விட்டுவிட்டு மற்றவற்றை எழுதிக் கொடுத்தேன். மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞர் நல்லவர், பணிவானவர். படிவத்தை ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தார்.

"இந்தக் கட்டம் காலியா இருந்தா கம்ப்யூட்டர் எடுத்துக்காது சார்."

757, 1,024 என்று அவருக்கு ஏதோ விளக்கத் தொடங்கினேன். வரிசையில் இன்னும் நால்வர் நின்றிருந்தனர். தமக்கையார் என் கையிலிருந்த பேனாவை வாங்கி, அந்தக் கட்டத்தை நிரப்பினார். நான் தடுக்கவில்லை.